இருப்புப்பாதையும் அண்டை வீடும்

தமிழ்ச் சிறுகதையில் ரயில் ஏறாத பாத்திரம் அரிது. காதலர் பிரிவதும், மகன் பட்டணம் போவதும், மணமான மகள் தாய்வீடு திரும்புவதும் ரயிலடியில்தான். தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ ரயில் பெட்டிக்குள் நிகழும் கதை. பிழைப்புக்காகத் தொலைதூரம் அனுப்பப்படும் ஓர் ஏழைச் சிறுமிக்கு ஒரு சிறுவன் காட்டும் பரிவு, படித்தவர் நெஞ்சில் இன்றும் தங்கியிருக்கிறது. அசோகமித்திரனின் ‘காலமும் ஐந்து குழந்தைகளும்’ கதையில், புறப்பட்டுவிட்ட வண்டியைப் பிடிக்கப் பிளாட்பாரத்தில் ஒருவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். கதையெல்லாம் அந்த ஓட்டத்திற்குள் அடங்கிவிடுகிறது.

இவை நல்ல கதைகள்; ஐயமில்லை. ஆயினும் இவற்றில் வரும் ரயில் பயணியின் ரயில். அந்த வண்டியை ஓட்டியவன் எவன்? எரியும் அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் எங்கே? இரவு மழையில் விளக்கோடு நின்ற பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கும் ஆப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று சுத்தியலைத் தோளில் சுமந்து நாள்தோறும் தன் எல்லையை நடந்து பார்க்கும் கீமேன், சரளைக் கல்லை வாரிப் போடும் கேங்மேன் ஆகியோர் நம் கதைகளில் ஒரு கொடியசைப்பாகவும் ஒரு விசில் ஓசையாகவும் வந்து மறைகிறார்கள். 1928-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், 1946 செப்டம்பரில் ஐந்து தொழிலாளர் உயிரைக் குடித்த பொன்மலைத் துப்பாக்கிச் சூடு, 1974 மே மாதத்தில் சுமார் பதினேழு லட்சம் பேர் பங்குகொண்டு இருபது நாட்கள் நீடித்த நாடு தழுவிய வேலைநிறுத்தம் என்று வரலாற்றில் இத்துணை இடம்பெற்ற ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கு நம் புனைகதையில் கிடைத்த இடம் மிகச் சிறிது.

இந்தக் குறையை நினைக்கும்போது ஒரு நாவல் விதிவிலக்காக முன்வந்து நிற்கிறது. அது அசோகமித்திரன் எழுதி 1977-இல் வெளிவந்த ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. ரயில்வே குடும்பம் ஒன்றின் கதை அது. அதே வேளையில் முஸ்லிம் அண்டை வீட்டாரைப் பற்றிய கதையும் கூட. இந்த இரண்டாவது காரணத்தால் நம் இல்லங்களில் அது படிக்கப்பட வேண்டும். படித்தபின் அதனோடு வழக்காடவும் வேண்டும்.

தியாகராய நகரில் எழுதிய செகந்தராபாத்

ஆசிரியரின் வாழ்வை ஓரளவு அறிந்துகொள்வது நாவலை அணுக உதவும். ஜ. தியாகராஜன் என்னும் இயற்பெயருடைய அசோகமித்திரன் 1931-இல் செகந்தராபாத்தில் பிறந்தார். தந்தை நிஜாம் அரசின் ரயில்வேயில் பணிபுரிந்தவர். தந்தையின் மறைவுக்குப் பின் 1952-இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அவர், பின்னர் எழுத்தையே தொழிலாகக் கொண்டு தியாகராய நகரில் நெடுங்காலம் வாழ்ந்தார். வீட்டில் இடம் போதாமையால் நடேசன் பூங்காவின் பெஞ்சில் அமர்ந்து எழுதுவதும் அவருடைய வழக்கமாயிருந்தது. 1996-இல் ‘அப்பாவின் சிநேகிதர்’ தொகுப்புக்காகச் சாகித்திய அக்காதமி பரிசு பெற்ற அவர் 2017 மார்ச் மாதம் சென்னையில் காலமானார்.

தியாகராய நகரும் ஒருவகையில் ரயில் வளர்த்த ஊர்தான். 1920-களில் மனை பிரிக்கப்பட்டு எழுந்த அந்நகரின் மேற்கு எல்லையே தண்டவாளம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், மாம்பலம் நிலையம் குமாஸ்தாக்களின் வாசற்படியாயிற்று. சட்டைப் பையில் சீசன் டிக்கெட்டும் கையில் சாப்பாட்டுத் தூக்கும் கொண்ட மாதச் சம்பளக்காரர்கள், நிமிடக் கணக்கில் வாழப் பழகிய இடம் அது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ போன்ற படைப்புகள் இப்பகுதி மக்களின் அன்றாட நெருக்கடியையே பொருளாகக் கொண்டவை. அந்தச் சூழலில் அமர்ந்துகொண்டு, கால் நூற்றாண்டுக்கு முன் தாம் விட்டு வந்த ஒரு ரயில்வே குடியிருப்பை அவர் மீண்டும் கட்டி எழுப்பினார். இடமும் காலமும் தந்த இந்தத் தொலைவுதான் நாவலின் நிதானத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது. காயத்தின் சூட்டில் எழுதியிருந்தால் இதே கதை ஒரு குற்றப் பத்திரிகையாகியிருக்கும்.

குவார்ட்டர்ஸ் என்னும் உலகம்

நாவலின் நாயகன் சந்திரசேகரன் ரயில்வே ஊழியரின் மகன், கல்லூரி மாணவன், கிரிக்கெட்டில் உயிரை வைத்திருப்பவன். குதிரைப்படை வீரரின் பெயரைத் தாங்கிய லான்சர் பாரக்ஸ் என்னும் குடியிருப்பில் அவன் குடும்பம் வசிக்கிறது. தமிழர், தெலுங்கர், ஆங்கிலோ இந்தியர், முஸ்லிம்கள் ஆகிய எல்லாரும் சுவருக்குச் சுவர் நெருங்கி வாழும் இடம் அது. அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது மொழியன்று, சாதியன்று, மதமன்று, வேலை. இதுதான் ரயில்வே குடியிருப்பின் தனித்தன்மை. ஊரில் உள்ள தெருவுக்கு முன்னோர் உண்டு, கோயிலோ பள்ளிவாசலோ உண்டு. குவார்ட்டர்ஸுக்கு உள்ளது ஒரு வீட்டு எண்ணும் ஓர் உத்தரவுத் தாளும் மட்டுமே. வேலை போனால் கூரையும் போகும். 1974 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் குடும்பங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டன என்பதை நினைத்தால், அந்தக் கூரையின் உறுதி எத்தகையதென்பது விளங்கும்.

ரயில்வேத் தொழிலுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. அது முழுக்க முழுக்க நம்பிக்கையின்மேல் ஓடுவது. பழைய ஒற்றைப் பாதைகளில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டி போக வேண்டுமானால், ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கும் டோக்கன் டிரைவரின் கையில் இருக்க வேண்டும். எதிரே வேறு வண்டி வராது என்பதற்கு அந்தத் துண்டுதான் உறுதிமொழி. கொடுப்பவர் சுப்பையரோ சுலைமானோ, வாங்குபவர் தாமஸோ வெங்கய்யாவோ, அதுபற்றிக் கேள்வியே எழாது. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பாவிட்டால் ஆயிரம் உயிர்கள் நடுவழியில் நிற்கும். பணிநேரத்தில் தம் உயிரையே ஒருவர் கையில் ஒருவர் ஒப்படைக்கும் மனிதர்கள், சீருடையைக் கழற்றிவிட்டு வீடு திரும்பியதும் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும்? ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ எழுப்பும் கேள்வி இதுவே.

1947 நவம்பர் மாதம் நிஜாம் அரசும் இந்திய அரசும் ஓராண்டுக்கான நிலைமைக் காப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஆண்டு முடியுமுன்பே நிலைமை முற்றியது. காசிம் ரஸ்வியின் தலைமையில் ரஜாக்கர்கள் ஒருபுறம், சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைக்கக் கோரியவர்கள் ஒருபுறம், தெலுங்கானாவின் உழவர் கிளர்ச்சி மற்றொருபுறமாக நாடு கொதித்தது. 1948 செப்டம்பர் 13-ஆம் நாள் இந்தியப் படை உள்ளே நுழைந்தது. 17-ஆம் நாள் நிஜாம் பணிந்தார். இந்தப் பெரு நிகழ்ச்சிகளை ஆசிரியர் மேடையேற்றுவதில்லை. சைக்கிளில் எந்தத் தெரு வழியாகப் போவது, கல்லூரிக்குப் போவதா வேண்டாமா, நேற்றுவரை சேர்ந்து பந்தாடியவனிடம் இன்று என்ன பேசுவது என்று ஒரு வாலிபனின் அன்றாடச் சிக்கல்களாகவே அவை வந்து சேர்கின்றன. காந்தியடிகள் கொல்லப்பட்ட செய்தி அவனை உலுக்கும் பக்கங்களில்கூட ஆசிரியரின் குரல் உயரவில்லை. ‘நான்’ என்று தானே பேசுபவனாகவும் ‘அவன்’ என்று பிறர் பேசும் பொருளாகவும் சந்திரசேகரன் மாறி மாறி நிற்கும் நடையும் வெறும் புதுமைக்காகச் செய்யப்பட்டதன்று. தன்னைத் தானே எட்ட நின்று பார்க்கக் கற்றுக்கொள்ளும் ஒருவனுக்கு அந்த நடைதான் பொருந்தும்.

நமது முறையீடு

இனி, முஸ்லிம் வாசகர் ஒருவர் இந்நாவலைப் படிக்கும்போது எழக்கூடிய முறையீட்டை மறைக்காமல் பேசுவோம். இந்நூலில் முஸ்லிம்கள் நிறைய வருகிறார்கள். ஆனால் வெளியிலிருந்தே பார்க்கப்படுகிறார்கள். அண்டை வீட்டு முஸ்லிமின் பேச்சு கேட்கிறது, கோபம் தெரிகிறது, கூட்டம் தெரிகிறது. அவர் வீட்டுக்குள் இரவு என்ன பேசிக்கொண்டார்கள், அவர்களுக்கும் அச்சம் இருந்ததா, ரஜாக்கர்களின் போக்கை மனத்துக்குள் வெறுத்த முஸ்லிம் எவரேனும் அந்தக் குடியிருப்பில் இருந்தாரா என்பதெல்லாம் நமக்குத் தெரிய வருவதில்லை. அதே ரயில்வேயில் அதே சம்பளத்துக்கு உழைத்து, அரசு மாறினால் தன் வேலை என்னவாகுமோ என்று கலங்கிய ஒரு முஸ்லிம் ஊழியரின் மனம் நாவலில் திறக்கப்படவில்லை.

இது குறையா? குறைதான். ஆனால் எவ்வகைக் குறை என்று பிரித்தறிய வேண்டும். முஸ்லிமை இழிவுசெய்யும் நோக்கம் அசோகமித்திரனுக்கு இருந்ததில்லை. ‘புலிக்கலைஞன்’ கதையில் சினிமாவில் ஒரு சிறு வாய்ப்புக் கேட்டு வரும் காதர், புலியாகவே மாறி ஆடிக் காட்டும் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். வறுமையால் கூனிக் குறுகி நின்றவன் தன் தொழிலுக்குள் நுழைந்ததும் அங்குள்ள எல்லாரையும்விட உயர்ந்து நிற்கிறான். உழைக்கும் முஸ்லிம் ஒருவனுக்குத் தமிழ்க் கதையில் கிடைத்த மதிப்பான இடங்களில் அது ஒன்று. அக்கதையை எழுதிய கை வெறுப்பை எழுதாது.

ஆகவே நாவலில் உள்ள குறுகிய பார்வை ஆசிரியருடையதன்று, பாத்திரத்தினுடையது. சந்திரசேகரனுக்கு அண்டை வீட்டின் உட்புறம் தெரியாது. தெரிந்தாற்போல் எழுதியிருந்தால் அது பொய்யாகும். சுவருக்குச் சுவர் நெருங்கி வாழ்ந்தும் ஒருவர் வீட்டு உள்ளறையை மற்றவர் அறியாதிருந்தோமே என்பதுதான் நாவல் நம் முன் வைக்கும் உண்மை. அந்த அறியாமைக்கு அவர்கள் மட்டுமா பொறுப்பு? நம் வாசல்களை நாம் எவ்வளவு திறந்து வைத்தோம்? முறையீடு செய்யும் வாசகர் இந்தக் கேள்வியையும் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இறுதிக் காட்சி

அறியாமையின் அந்தச் சுவர் நாவலின் இறுதியில் உடைகிறது. உடைகிற விதம் நெஞ்சைப் பிளப்பதாயிருக்கிறது. படை நடவடிக்கைக்குப் பிறகு காற்று திசை மாறுகிறது. நேற்று அஞ்சியவர்கள் இன்று துரத்துகிறார்கள். நேற்று அதட்டியவர்கள் இன்று ஒளிகிறார்கள். கலவரத்துக்குத் தப்பி ஓடும் சந்திரசேகரன் தற்செயலாக ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே ஒடுங்கிக் கிடப்பவர்கள் அவனைத் தங்களை அழிக்க வந்தவனாகவே கருதுகிறார்கள். அந்த வீட்டின் இளம்பெண், தன் குடும்பத்தாரின் உயிரைக் காப்பதற்காகத் தன் மானத்தையே விலையாகக் கொடுக்க முன்வந்து நிற்கிறாள். அவன் அருவருப்பும் வெட்கமும் தாளாமல் வெளியே ஓடுகிறான். நாவல் முடிகிறது.

குடும்பத்தோடு படிக்கும் இதழில் இக்காட்சியை இதற்குமேல் விரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாவல் முழுவதும் தன்னை அஞ்சுபவனாகவே எண்ணியிருந்த ஒருவன், தானே பிறருக்கு அச்சமாகிவிட்டதை ஒரு கணத்தில் காண்கிறான். அவன் கையில் ஆயுதம் இல்லை, மனத்தில் தீமை இல்லை. இருந்தும் அந்தப் பெண்ணின் கண்ணில் அவன் கொலைகாரக் கூட்டத்தின் ஒரு துளி. பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஓர் எழுத்தாளர் தம் இனத்தாரின் வெற்றி நாளை வெட்க நாளாக எழுதியிருக்கிறார். அதை எழுத எத்துணை நேர்மை வேண்டும்!

இதன் பின்னுள்ள வரலாற்றையும் நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1948 இறுதியில் பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கஃபார் ஆகியோர் அடங்கிய குழு இந்திய அரசின் வேண்டுகோளின்படி ஹைதராபாத் மாவட்டங்களைச் சுற்றிவந்து அறிக்கை கொடுத்தது. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு மாவட்டங்களே மிகக் கொடிய துயருக்குள்ளானவை என்றும், படை நடவடிக்கையின்போதும் அதன் பின்னும் சமஸ்தானத்தில் 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என்றும் அது மதிப்பிட்டது. அதற்குமுன் ரஜாக்கர்கள் இழைத்த கொடுமைகளையும் அக்குழு மறைக்கவில்லை. அந்த அறிக்கையை அரசு பல பத்தாண்டுகள் வெளியிடவில்லை. ஏ. ஜி. நூரானி 2013-இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் அதனை அச்சிட்ட பிறகே பலர் படிக்க முடிந்தது. அறிக்கை பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த காலத்தில், 1977-இல், ஒரு தமிழ் நாவல் தன் கடைசிப் பக்கங்களில் அதே உண்மையை ஒரு வீட்டின் அளவில் சொல்லி வைத்திருந்தது. இலக்கியத்தின் பயன் யாது என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

இரண்டு ரயில் நாவல்கள்

குஷ்வந்த் சிங்கின் ‘பாகிஸ்தானுக்குப் போகும் ரயில்’ 1956-இல் வந்த ஆங்கில நாவல். மனோ மாஜ்ரா என்னும் எல்லைச் சிற்றூரில் ரயிலின் ஓசையே கடிகாரம். விடியற்காலை மெயில் வண்டியின் விசில் கேட்டால் பள்ளிவாசல் முல்லாவுக்கு அது வைகறைத் தொழுகையின் வேளை. அந்த ஊருக்குள் பிணங்களோடு ஒரு ரயில் வந்து நின்றதும் ஊரின் ஒழுங்கே குலைந்துபோகிறது. முடிவில் ஜக்கா என்னும் சீக்கிய முரடன், தான் நேசித்த நூரானும் பிற முஸ்லிம்களும் செல்லும் வண்டியைக் காக்கத் தன் உயிரைக் கொடுக்கிறான்.

இரண்டு நாவல்களின் முடிவிலும் ஒரு முஸ்லிம் பெண்ணின் கதி தொங்குகிறது. குஷ்வந்த் சிங் நமக்கு ஒரு வீரனைத் தருகிறார். நாம் கண்ணீரோடு ஆறுதலும் அடைகிறோம். அசோகமித்திரன் அந்த ஆறுதலைத் தர மறுக்கிறார். சந்திரசேகரன் எவரையும் காப்பாற்றவில்லை. அவனால் முடிந்தது வெட்கப்படுவது ஒன்றே. முதல் முடிவு உயர்ந்தது. இரண்டாம் முடிவு உண்மைக்கு நெருங்கியது. கலவர நாட்களில் நம்மில் பெரும்பாலோர் ஜக்காவாக இருப்பதில்லை, சந்திரசேகரனாகத்தான் இருக்கிறோம். தன்னைப் பார்த்து வெட்கப்படவாவது தெரிந்தவர்கள் பெருகினால் அடுத்த கலவரம் சற்றே தளரும் என்பதுதான் இந்நாவல் தரும் நம்பிக்கை.

எஞ்சியிருக்கும் வேலை

இத்துணை புகழ்ந்த பின்னும் தொடக்கத்தில் எழுப்பிய குறை முற்றாகத் தீரவில்லை. பதினெட்டாவது அட்சக்கோட்டில் ரயில்வே குடும்பம் இருக்கிறது. ரயில்வே வேலை போதுமான அளவு இல்லை. தந்தையின் பணி வீட்டு வாசல் வழியாகவே நமக்குத் தெரிகிறது. ஃபிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஸோலா, ரயில் தொழிலாளரைப் பற்றி 1890-இல் வெளியிட்ட நாவலுக்காக எஞ்சின் தளத்தில் தாமே ஏறி நின்று பாரிஸிலிருந்து பயணம் செய்தார். டிரைவர் தன் எஞ்சினைப் பெண்ணைப் போல் நேசிப்பதையும், பனியில் அது திணறுவதையும் அவரால் எழுத முடிந்தது அதனால்தான். ஸோலா வெளியிலிருந்து தொழிலைத் தேடிப் போனார். அசோகமித்திரனோ உள்ளேயே பிறந்தும் தொழிலைவிட வீட்டையே எழுதினார். இரண்டும் இணைந்த ஒரு நாவலுக்குத் தமிழ் இன்னும் காத்திருக்கிறது.

அந்த நாவலை நம் சமுதாயத்திலிருந்து ஒருவர் ஏன் எழுதக் கூடாது? தோப்பில் முஹம்மது மீரான் 1988-இல் வெளியிட்ட ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ கடற்கரை முஸ்லிம்களின் வாழ்வைத் தமிழுலகுக்கு உள்ளிருந்து காட்டிற்று. அவருக்குப் பின் வந்தவர்களும் ஊரையும் தெருவையும் வீட்டின் உள்ளறையையும் எழுதியிருக்கிறார்கள். எனினும் கடையும் கப்பலும் தோட்டமும் எழுத்தில் இடம்பெற்ற அளவுக்கு மாதச் சம்பளத்தில் உழைத்த முஸ்லிமின் வாழ்வு இடம்பெறவில்லை. ரயில்வேயில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. இரவுப் பணியில் நோன்பு திறந்தது எப்படி, பெருநாளன்று டியூட்டியை மாற்றிக்கொண்ட இந்து நண்பர் யார், தீபாவளியன்று அந்தக் கடனை இவர் திருப்பிக் கொடுத்தது எப்படி, 1974-இல் சம்பளம் நின்ற நாட்களில் அடுப்பு எரிந்தது எவ்வாறு என்றெல்லாம் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அண்டை வீட்டின் உட்புறம் இருட்டாயிருக்கிறது என்று முறையிடும் நாம், விளக்கை ஏற்றாமல் இருந்துவிட்டுப் பார்ப்பவனைக் குறைசொல்வது நியாயமாகாது.

சென்னையின் தென்பகுதி இன்று பெரிதும் மாறிவிட்டது. தாம்பரம் பாதையின் பழைய மீட்டர்கேஜ் மின்வண்டிகள் 2004-இல் நின்றுபோயின. மயிலாப்பூரின் தலைக்குமேல் 1997-இல் வந்த பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரியை எட்டிற்று. நாள்தோறும் பல்லாயிரம் பேர் ஏறி இறங்குகிறார்கள். கடைசி வண்டி போனபின் முதல் வண்டி வருமுன் கிடைக்கும் சில மணி நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில் தண்டவாளத்தைச் செப்பனிடும் மனிதர்களை அந்தப் பயணிகள் காண்பதில்லை. அவர்களுக்கும் வீடுண்டு; அந்த வீட்டுக்கு அண்டை வீடும் உண்டு. அவர்களை எழுதப் புகும் இளைஞர், முதலில் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலைப் படித்துவிட்டுப் பேனாவை எடுக்கட்டும். சுவருக்கு அப்பாலிருந்து பார்த்தவர் தம் பங்கை நேர்மையாக எழுதி முடித்துவிட்டார்; சுவருக்கு இப்பாலிருந்து எழுத வேண்டிய பங்கு நம்முடையது.